சுருதியில்லாத எடை

அன்று காலை அவர் கடைசியாகச் செய்த வேலை, என் துணிக்கொடியை இறுக்கிக் கட்டியது.

அக்டோபர் பத்தாம் தேதி. மலைமேல் முந்தின நாளே பனி இறங்கியிருந்தது. வெயில் வந்த நேரம் பார்த்து நான் ஈரப் போர்வையைக் கொடியில் போட்டேன். கயிறு நடுவில் வளைந்து, போர்வையின் ஓரம் மண்ணைத் தொட்டது. பள்ளிக்குக் கிளம்பி வாசல் தாண்டியவர் திரும்பி வந்து பையைக் கீழே வைத்தார்.

"இது என்னம்மா, கொடியா தூளியா? பாக்கறவன் இந்த வீட்ல ஆம்பளையே இல்லேன்னு சொல்லப்போறான்."

"இருக்கற ஆம்பளைக்குப் பள்ளிக்கூடத்துல மணி அடிச்சாச்சு. ஏழாம் வகுப்பு காத்துட்டிருக்கு, போங்க."

"அதுங்க காத்திருந்தா சந்தோஷமாத்தான் இருக்கும்."

பழைய கயிற்றை அவிழ்த்தெறிந்துவிட்டு, பாலத்து வேலையில் மிஞ்சிய எஃகுக் கம்பியைக் கொண்டுவந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே இழுத்துக் கட்டினார். முடிச்சை முறுக்கி முடித்ததும் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கம்பி கணீரென்றது. "நூறு போர்வை போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் தொய்ந்த கயிறு என்பது அவமானம். வருடத்தில் ஐந்து மாதம் கூடாரத்தில் வாழ்கிறவர்களுக்கு அது இயல்புதான். கூடாரக் கயிறு தொய்ந்திருந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் கயிற்றைத்தான் பார்க்கும். தொய்ந்திருந்தால், கேட்காமலே இறுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு என் கணவர் அசன்குல் இறந்துபோனார்.

எங்கள் ஊர் நரின் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. இருபத்து மூன்று வீடுகள். பள்ளி, மருத்துவமனை, கடை, தார்ச்சாலை எல்லாம் வடகரையில். நடுவில் தொண்ணூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்குபாலம், கூட்டுப்பண்ணைக் காலத்தில் கட்டியது. வண்டி போகும் பாலத்துக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர் கீழே போகவேண்டும். தொங்குபாலம் காற்றடித்தால் பக்கவாட்டில் ஆடும். கிழக்கிலிருந்து பலத்த காற்று வந்தால் நடுப்பாலத்தில் நிற்கிறவர்கள் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

நாங்கள் இருவரும் தலைநகர் பிஷ்கெக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். இயந்திரங்களின் அதிர்வை அளப்பதும் அடக்குவதும்தான் வேலை. கூடத்தை மூடியபோது அவருடைய ஊருக்கு வந்து இருவரும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர்களானோம். வந்த முதல் கோடையிலேயே அவர் நிறுத்துக் கடிகாரத்தோடு பாலத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். காலால் உந்தி லேசாக ஆட்டிவிட்டு எண்ணினார். ஆளில்லாத பாலம் நிமிடத்துக்கு முப்பத்தொரு முறை ஆடியது. எத்தனை தடவை எண்ணினாலும் முப்பத்தொன்று.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கனத்த இரும்பு எடையைப் பாலத்தின் நடுவில் அடிப்பக்கமாக ஸ்பிரிங்குகளில் மாட்டினார். அந்த எடையும் நிமிடத்துக்கு முப்பத்தொரு முறை ஆடும்படி ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தார். பாலம் ஒரு பக்கம் போனால் எடை மறுபக்கம் போகும். பாலத்தின் ஆட்டத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். எடையை மாட்டிய பிறகு பாலத்தில் முப்பத்தொன்று காணாமல் போய், அதற்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சிறிய ஆட்டங்கள் வந்தன. "பாலத்தோட பேரையே மாத்திட்டேன் பாத்தியா?" என்று சிரித்தார். அவருடைய கணக்கு நோட்டை நான்தான் சரிபார்த்தேன். கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் டிக் போட்டதும் நான்தான்.

மூன்று வருடம் அது நன்றாக வேலை செய்தது. நிறைந்த பால்வாளியோடு பெண்கள் கைப்பிடியைத் தொடாமல் நடந்தார்கள்.

ஒரு விதி மட்டும் இருந்தது. இலையுதிர்காலத்தில் மேய்ச்சல் மலையிலிருந்து ஆடுகள் இறங்கி வடகரைக்குக் கடக்கும்போது ஐம்பது ஐம்பதாகத்தான் பாலத்தில் விடவேண்டும். பாலத்தின் தென்கரைக் கதவின் பொறுப்பு அவருடைய தம்பி சபர்பெக்குடையது. அவர் இறந்த அன்று பனி துரத்திக்கொண்டு வந்தது. ஆடுகள் முந்தின இரவு முழுக்க நனைந்திருந்தன. அறுநூறு ஆடும் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு கதவில் முட்டின. பின்னால் நின்ற குட்டிகள் மிதிபட்டன. சபர்பெக் கதவைத் திறந்துவிட்டான்.

பாரம் ஏறினால் பாலம் மெதுவாக ஆடும். நிமிடத்துக்கு இருபத்து நாலு என்று பிறகு நான் கணக்குப் போட்டேன். அவர் மாட்டிய எடைக்கு முப்பத்தொன்றைத் தவிர வேறெதுவும் தெரியாது. காற்று தள்ளத் தள்ளப் பாலம் ஆடிக்கொண்டே போக, எடை சும்மா கிடந்தது. மந்தையை நடத்தி வந்த கிடா நடுப்பாலத்தில் மிரண்டு நின்றுவிட்டது. பள்ளிக்கூட ஜன்னல் வழியே பார்த்தவர் ஓடிவந்து, வடகரையிலிருந்து பாலத்தில் ஏறி, கிடாவின் கொம்பைப் பிடித்து இழுத்தார். கிடா நகர்ந்தது. மந்தையும் நகர்ந்தது. அப்போது பாலம் ஒரே ஒரு முறை அதிகமாகச் சாய்ந்தது. பதினோரு ஆடுகளும் அவரும் ஆற்றில் விழுந்தார்கள். கிடா பிழைத்துக்கொண்டது.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுவாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த குளிர்காலத்துக்குள் பாலத்தின் வடங்களை அறுத்துவிடுவார்கள். இருபத்து மூன்று குடும்பங்களுக்கும் வடகரையில் தகர வீடு தருவார்கள். அதுவரை ஒரு நேரத்தில் ஐந்து பேர் மட்டும் நடக்கலாம், ஆடு கூடாது. சம்மதம் என்று முதலில் கையெழுத்துப் போட்டவன் சபர்பெக்.

"அறுத்துப் போடட்டும் அண்ணி" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதைப் பாத்துட்டு என்னால தினம் சோறு திங்க முடியல."

எனக்கு அது நிற்கவேண்டும். நினைவுச்சின்னமாக அல்ல. அவர் ஒரு தவறு செய்தார், அந்தத் தவறுக்குக் கீழே நான் டிக் போட்டிருந்தேன். பாலத்தை அறுத்துவிட்டால் அந்தக் கணக்கு தப்பாகவே முடிந்துபோகும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய நோட்டின் மிச்சப் பக்கங்களில் எழுதினேன். ஒரே சுருதிக்குக் கட்டிய எடை அந்த ஒரு சுருதிக்குத்தான் பதில் சொல்லும். எங்கள் பாலமோ காலியாக ஒரு சுருதி, ஆட்டோடு ஒரு சுருதி, பனி படிந்தால் இன்னொன்று. அப்படியானால் வேண்டியது, தனக்கென்று சுருதியே இல்லாத ஓர் எடை.

ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை அப்படி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறோம். ஒரு கம்பியை இரண்டு முனையிலும் கட்டவேண்டும். நேராக இருக்கவேண்டும், ஆனால் இழுத்துக் கட்டக்கூடாது. அதன் நடுவில் எடையைப் பொருத்தி, பக்கவாட்டில் ஓட ஒரு தண்டவாளம் வைக்கவேண்டும். எடையை லேசாகத் தள்ளினால் கம்பி கண்டுகொள்ளாது. இன்னும் தள்ளினால் கொஞ்சம் எதிர்க்கும். மேலும் தள்ளினால் விடவே விடாது. அதனால் சிறிய ஆட்டத்தில் எடை மெதுவாக ஆடும், பெரிய ஆட்டத்தில் வேகமாக ஆடும். பாலம் எந்தத் தாளத்தில் வந்தாலும் அதற்குச் சரியான ஓர் ஆட்டம் இந்த எடையிடம் இருக்கும். வாங்கிய ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்காமலிருக்க, எடையின் அடியில் உராயும்படி கம்பளித் தட்டை வைத்தால் போதும்.

மாவட்டப் பொறியாளர் ஜுமாலி குண்டு மனிதர். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே நான் காட்டிய படங்களைப் பார்த்தார். "டீச்சர், எனக்குப் பாதி புரியல. புரிஞ்ச பாதியில தப்பு இல்ல. ஆகஸ்டு கடைசியில இருநூறு ஆட்டோட ஒரு சோதனை வைக்கலாம்" என்றார்.

வெல்டிங் தெரிந்தவன் ஊரில் சபர்பெக் ஒருவன்தான். அவன் வரமாட்டேன் என்றான். அவன் மனைவி சைராகுல் தேநீர்க் கிண்ணத்தை அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"நீங்க குடிங்க. அக்கா தனியா ஆத்து மேல தொங்கிட்டு ஆணி அடிக்கட்டும். உங்களுக்குச் சர்க்கரை போதுமா, இன்னும் போடட்டுமா?"

அவன் கிண்ணத்தைத் தொடாமல் எழுந்து வந்தான்.

பழைய டிராக்டர்களின் முன்பக்கத்தில் மாட்டும் எடைகளைக் கழற்றி நான்கு தொகுதி செய்தோம். ஸ்பிரிங்கில் தொங்கிய அவருடைய எடையைச் சபர்பெக்தான் இறக்கினான், யாரையும் தொடவிடவில்லை. கம்பளித் தட்டைகளைச் சைராகுல் தட்டித் தைத்துக் கொடுத்தாள். கடைசியாக நான் கம்பிகளைப் பொருத்தி, கைவிரலால் அசைத்தால் குழையும்படி விட்டேன். சபர்பெக் நிமிர்ந்து பார்த்தான்.

"இப்படியேவா விடப்போறீங்க?"

"இப்படியேதான்."

"ஊரு சிரிக்கும் அண்ணி."

"சிரிக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னேன். வருடக்கணக்கில் கரும்பலகையில் விளக்கியவள், பக்கத்தில் நின்றவனுக்கு விளக்கவில்லை.

ஆகஸ்டுச் சோதனை தோற்றது. இருநூறு ஆடு ஏறியதும் கிழக்குக் காற்றில் பாலம் முன்போலவே ஆடியது. எடைகள் தண்டவாளத்தில் விறைத்துக்கொண்டு நின்றன. ஆடுகளை அவசரமாகப் பின்னால் துரத்தி இறக்கினோம்.

"டீச்சர், பாலம் பாட்டுக்கு ஆடுது, எடை பாட்டுக்கு நிக்குது. புருஷன் பொண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லாத வீடு மாதிரி இருக்கு" என்றார் ஜுமாலி. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செப்டம்பர் இருபது மந்தை இறங்குதுல்ல, அன்னிக்கு மறுபடி வர்றேன். வடம் அறுக்கற ஆளும் கூட வருவான். கோவிச்சுக்காதீங்க, எனக்கும் மேல ஆள் இருக்கு."

ஆறு நாள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். தவறு இல்லை. கணக்குப் போடுகிறவர்களின் நோய் இது. பொருளைத் தொடுவதற்கு முன் தாளைத் தொடுவோம். ஏழாம் நாள் துணி துவைத்தேன். கனத்த போர்வையைக் கொடியில் வீசினேன். கம்பி இம்மியும் வளையவில்லை. அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கேட்காமலே பையை இறக்கிவைத்துக் கொடியை இறுக்கிய மனிதர் நினைவுக்கு வந்தார். அந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் அதைத்தான் செய்வார்கள்.

ஈரக்கையோடு ஓடினேன். நடுப்பாலத்தில் படுத்து, பலகை இடுக்கில் கையை விட்டு முதல் கம்பியைத் தட்டினேன். கணீரென்றது. நான்கும் கணீரென்றன. இழுத்துக் கட்டிய கம்பிக்குச் சொந்தமாக ஒரு சுருதி வந்துவிடும். யாரோ என் எடைகளுக்குச் சுருதி கூட்டியிருந்தார்கள்.

நான்கையும் தளர்த்திவிட்டு வந்தேன். மறுநாள் விடிந்ததும் கரையில் போய் நின்றேன். சிறிது நேரத்தில் ஸ்பேனரோடு சபர்பெக் வந்தான்.

"என்ன செய்யறே?"

திடுக்கிட்டான். "கம்பி தொய்ஞ்சிருக்கு அண்ணி. நான்தான் ஒரு தடவ முறுக்கி வச்சேன். எந்த நாய் அவுத்து விட்டுச்சோ..."

"அந்த நாய் நான்தான்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "யாருடா உன்னை இறுக்கச் சொன்னது? என்னைக் கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? போறவன் வர்றவன் எல்லாம் குனிஞ்சு பாக்கறான். அசன்குல் பொண்டாட்டி கட்டின கம்பி தொங்குது, ஆம்பளை இல்லாத வீடுன்னு சொல்றான். நான் ஒருத்தன் இருக்கேன்ல அண்ணி? அண்ணனுக்கு இதுகூடச் செய்யாட்டி நான் எதுக்கு?"

கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவனை நடுப்பாலத்துக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் படுக்கவைத்தேன். தளர்ந்த கம்பியில் அவன் விரலை வைத்தேன்.

"தள்ளு. இன்னும் தள்ளு. இப்ப?"

"இப்ப விட மாட்டேங்குது."

"அதான் வேணும். இறுக்கிட்டா ஒரே தாளம்தான் தெரியும். தளர விட்டா எல்லாத் தாளமும் தெரியும்."

வெகுநேரம் கம்பியைத் தள்ளுவதும் விடுவதுமாக இருந்தான். கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, அந்த ஒரு வருடமாகக் கேட்காததைக் கேட்டான்.

"அப்ப அண்ணன் வச்ச எடைக்கு ஒரே தாளம்தான் தெரியுமா?"

"ஆமா."

"நான் அம்பது அம்பதா விட்டிருந்தா?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "பாலம் தாங்கியிருக்கும். ஆனா பனியில மாட்டின ஆட்டை அம்பதா எண்ணி நிறுத்த எவனாலயும் முடியாது. அப்படி ஒரு விதியை நம்பிப் பாலத்தை விட்டது நாங்க ரெண்டு பேரும். நோட்டுல டிக் போட்டிருக்கேன், வேணா வந்து பாரு."

அவன் ஸ்பேனரை எடுத்துத் திருகைத் தொட்டுப் பார்த்தான். கம்பி போதுமான அளவு தளரவில்லை என்று அவனுக்கே பட்டிருக்கவேண்டும். இன்னும் அரைச்சுற்றுத் தளர்த்தினான்.

மற்றவர்களைத் தடுக்கும் வேலையைச் சைராகுல் எடுத்துக்கொண்டாள். நான்கு கம்பியிலும் சிவப்புத் துணி கட்டினாள். கடை வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னாள்: "இந்தத் துணிக்குக் கீழ எவன் கை வச்சாலும், அவன் கூடாரக் கயிறு ஒண்ணு விடாம நான் அறுப்பேன். பொண்டாட்டி புள்ளையோட ஆகாசத்தப் பாத்துத் தூங்கட்டும்."

செப்டம்பர் இருபது. ஜுமாலியின் லாரி வடகரையில் நின்றது. அதில் வடம் அறுக்கிறவன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிழக்குக் காற்று விடியும்போதே தொடங்கிவிட்டது. மந்தை தென்கரைக் கதவுக்கு வந்து நெருக்கியது. முன்னால் அதே கிடா.

சபர்பெக் கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை. "நீங்க திறங்க அண்ணி."

"உன் கதவு. நீ திற."

திறந்தான். ஐம்பதாக அல்ல. முழுக்கத் திறந்தான்.

கிடா நடுப்பாலம் வரை போய், முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் இருநூறு ஆடு ஏறியிருந்தது. பாலம் பக்கவாட்டில் போயிற்று. திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போயிற்று. எடைகள் முதல் மூன்று ஆட்டத்துக்குச் சும்மா இருந்தன. நான்காவதில் சிவப்புத் துணிகள் அசைந்தன. பிறகு நான்கு எடைகளும் தண்டவாளத்தில் தறிகெட்டு ஓடத் தொடங்கின. முட்டி, திரும்பி, மறுபடி ஓடின. அவை ஆட ஆடப் பாலம் அடங்கிக்கொண்டே வந்தது. கிடா பலகையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல நடந்தது.

அறுநூறு ஆடும் கடக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. ஜுமாலி நடுப்பாலத்துக்கு வந்து, அந்தக் குண்டு உடம்போடு இரண்டு முறை குதித்துப் பார்த்தார். கையிலிருந்த விதையில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க போலிருக்கு டீச்சர்" என்றார். லாரியைப் பார்த்துக் கை காட்டினார். அது திரும்பிப் போயிற்று.

சபர்பெக் குப்புறப் படுத்து, எடைக்கு அடியில் கையை விட்டுக் கம்பளியைத் தொட்டான்.

"அண்ணி, சூடா இருக்கு! ஆட்டு வயிறு மாதிரி."

"பாலத்தோட ஆட்டமெல்லாம் அங்கதான் போயிருக்கு" என்றேன். அவன் கையை எடுக்காமல் அப்படியே படுத்திருந்தான்.

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. இருபத்து மூன்று வீடு இப்போது இருபத்தேழு. வசந்தத்தில் சபர்பெக் கம்பளி மாற்றி, நான்கு கம்பிகளையும் விரலால் தள்ளிப் பார்க்கிறான். இறுகியிருந்தால் திட்டிக்கொண்டே தளர்த்துகிறான்.

காற்றில்லாத நாளில் யாரும் வராத நேரம் பார்த்து நான் நடுப்பாலத்தில் போய் உட்காருவேன். சிறிய ஆட்டத்தில் என் எடைகள் தலையிடுவதில்லை, பாலத்தைப் பாலமாகவே விட்டுவிடும். நேற்றும் போனேன். காலால் லேசாக உந்திவிட்டு, அவருடைய நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தி எண்ணினேன்.

நிமிடத்துக்கு முப்பத்தொன்று.